பாரைத் தொட்டால் பக்கம் மாறுமா? திருகோணமலைக் கந்தோர்களுக்கு மூன்று டாஷ்போர்ட் கருவிகள்

மீன் வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றும் ஒருவருக்கு டாஷ்போர்ட்டில், அதாவது கணக்கைப் பல வரைபுகளாக ஒரே பக்கத்தில் காட்டும் திரையில், பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. 'அறுக்குளா' என்று எழுதிய பட்டையைத் தொட்டால், பக்கத்தில் இருக்கிற மாத வரைபும் இறங்குதுறை வரைபும் மேலே நிற்கும் மொத்தக் கிலோவும் அறுக்குளாவின் கணக்காக மாறவேண்டும். அதையே திரும்பத் தொட்டால் எல்லாம் பழையபடி வரவேண்டும். நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரருக்கு அது 'ஜெர்மனி' என்ற பட்டை. மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் வேலைசெய்யும் தொண்டு நிறுவனத்துக்கு 'வெருகல்' என்ற பட்டை. ஆள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்.

இதற்குக் கிராஸ் ஃபில்டர் அல்லது கிளிக் ஃபில்டர் என்று பெயர். ஃபில்டர் என்றால் வேண்டிய வரிகளை மட்டும் சலித்தெடுப்பது. பக்கத்தின் மேலே ஒரு பட்டியலை வைத்து அதில் பெயரைத் தெரிவுசெய்வதும் ஃபில்டர்தான். ஆனால் அதற்கு எதைத் தேடுகிறோம் என்று முதலே தெரிந்திருக்கவேண்டும். கிளிக் ஃபில்டரில் கண்ணில் பட்டதை அந்த இடத்திலேயே கேட்கலாம். கோடு திடீரென்று விழுந்திருக்கிறதா, விழுந்த இடத்தைத் தொட்டு எந்த மீன், எந்தத் துறை என்று பார்த்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொண்டவை லுக்கர் ஸ்டூடியோ, பவர் பிஐ, மெட்டாபேஸ். அளவுகோல் சின்னது: ஐந்தாறு பேர் உள்ள கந்தோர், சில ஆயிரம் வரிக் கணக்கு, தனியாக ஐடி ஆள் கிடையாது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூகுள் ஷீட்டில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு லுக்கர் ஸ்டூடியோ போதும். இரண்டு மூன்று அட்டவணைகளைச் சேர்த்துக் கேள்வி கேட்பவர்களுக்குப் பவர் பிஐ. தரவு கந்தோர்ச் சுவரைத் தாண்டக்கூடாது என்பவர்களுக்கு மெட்டாபேஸ். மூன்றிலும் கிளிக் முதலில் உடையும் இடம் ஒன்றே, அது ஊர்ப்பெயர். அதனால் கருவிகளுக்கு முன்னால் அதைப் பார்ப்போம்.

ஒரே ஊருக்கு நாலு பட்டை

மூதூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'டி' ஒன்று போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார், மூன்றாமவர் நடுவில் 'எச்' சேர்ப்பார். நாலாவது கோப்பில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்று இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கருவிக்கு இவை நாலு ஊர்கள். ஒரு பட்டையைத் தொட்டால் மூதூர்க் கணக்கில் கால்வாசிதான் வரும். பட்டியல் ஃபில்டரில் நாலு பெயரும் அடுத்தடுத்து நிற்பதால் கண்ணில் பட்டுவிடும். பட்டை வரைபில் பெரிய பட்டை மேலேயும் சின்னவை கீழேயும் போய்விடுவதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வந்த தொகை சரி என்றே நினைத்து முடிவெடுப்பார்கள்.

தமிழிலேயே எழுதினால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. கோமரங்கடவல என்ற பெயரின் முதல் எழுத்தை யூனிகோடில் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ஓ'காரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது முன்னால் வரும் இரட்டைக்கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸெலிலும் கூகுள் ஷீட்டிலும் நீளம் எண்ணும் 'லென்' ஃபங்ஷனைப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கான வடிவம் 10 என்று வரும், பிரிந்த வடிவம் 11 என்று வரும். இந்த வகையை என்எஃப்சி என்ற யூனிகோட் ஒழுங்காக்கல் ஒன்றாக்கிவிடும்.

பதவிஸ்ரீபுர இன்னும் மோசம். 'ஸ்ரீ' என்பது 'ஸ'வில் தொடங்கியும் இருக்கலாம், கிரந்த 'ஶ'வில் தொடங்கியும் இருக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், நீளமும் ஒன்றே. என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் அவை வேறு வேறு மெய்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'மிட்' ஃபங்ஷனால் ஐந்தாவது எழுத்தைப் பிரித்தெடுத்து 'யூனிகோட்' ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 'ஸ'வுக்கு 3000 என்றும் 'ஶ'வுக்கு 2998 என்றும் வரும். பதவிசிறிபுர என்று எழுதிவிட்டால் இந்தத் தலையிடியே இல்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறு கதை. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எந்தக் கருவியில் ஏற்றினாலும் பட்டைக்குக் கீழே குழம்பிய ஆங்கில எழுத்துகளே நிற்கும். ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

நிரந்தர மருந்து ஒரு பெயர் அட்டவணை. தனி ஷீட்டில் குறியீடு, தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று நாலு நிரல். அரச புள்ளிவிபரக் குறியீட்டில் திருகோணமலை மாவட்டம் 53. அதில் தொடங்கும் பிரிவுக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டால் பிறகு அரச தரவோடு சேர்ப்பதும் சுலபம். பதிவு ஷீட்டில் ஊர் நிரலுக்கு டேட்டா வலிடேஷன் போட்டு, பட்டியலிலிருந்து தெரிவுசெய்தால் மட்டும் ஏற்கும்படி பூட்டிவிடுங்கள். மீன் பெயருக்கும் இதே பூட்டு வேண்டும். பாரை, சூரை, நெத்தலி என்ற பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதத் தொடங்கினால் மீனும் ஊரின் வழியேதான் போகும். (சார்ட்டின் பட்டையை ஆங்கில வழக்கில் 'பார்' என்று சொல்லிப் பழகினால் 'பாரைத் தொடு' என்பது மீன் கந்தோரில் வேறு அர்த்தம் தரும். அதனால் இனிப் பட்டை என்றே சொல்கிறோம்.)

பருவத்துக்கும் ஒரு நிரல் வைப்பது நல்லது. கிளிக் ஒன்றில் ஒரு பெறுமதிதான் போகும். இங்கே மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கிறது, நடுவில் ஆண்டு மாறிவிடுகிறது. ஆண்டுப் பட்டையைத் தொட்டால் ஒரு மாரி இரண்டாகப் பிளந்துதான் வரும். '2024/25 மாரி' என்று தனி நிரலில் எழுதி வைத்தால் ஒரே தொடுகையில் முழுப் பருவமும் வரும்.

லுக்கர் ஸ்டூடியோ

கூகுள் இதை 2016இல் டேட்டா ஸ்டூடியோ என்ற பெயரில் வெளியிட்டது. 2022 ஒக்டோபரில் பெயர் மாறியது. லுக்கர் என்ற பெயரிலேயே பெரிய நிறுவனங்களுக்கான கட்டணக் கருவி ஒன்றும் இருப்பதால், தேடும்போது உதவிப் பக்கங்கள் மாறி மாறி வரும். நமக்கு வேண்டியது இலவசமான ஸ்டூடியோ.

வேலை சுருக்கம். கூகுள் ஷீட்டின் முதல் வரியில் தலைப்புகள்: திகதி, இறங்குதுறை, மீன், கிலோ, கிலோ விலை, தொகை. ஒன்றிணைத்த கட்டங்களும் நடுவில் 'மொத்தம்' என்ற வரிகளும் இருக்கக்கூடாது. மொத்த வரி ஒன்று தப்பி உள்ளே போனால் மொத்தத் தொகை இரட்டிக்கும். திகதி 03/04 என்று இருந்தால் மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்பது ஷீட்டின் லொகேல் செட்டிங்கை, அதாவது எந்த நாட்டு வழக்கு என்ற அமைப்பை, பொறுத்தது. அது அமெரிக்கா என்று நின்றால் 12ஆம் திகதி வரை மாதமும் நாளும் இடம் மாறி ஏறும், 13இலிருந்து திகதியாகவே ஏறாது. லொகேலை ஐக்கிய இராச்சியத்துக்கு மாற்றுங்கள், அல்லது 2025-04-03 என்ற வடிவில் எழுதுங்கள்.

சார்ட்டைத் தெரிவுசெய்து, வலப்பக்கம் செட்டப் பகுதியின் கீழே சார்ட் இன்டராக்ஷன்ஸ் என்ற இடத்துக்குப் போனால் கிராஸ் ஃபில்டரிங் இருக்கும். அது போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு சார்ட்டிலும் பாருங்கள். பிறகு வியூ முறைக்கு மாறித்தான் சோதிக்கவேண்டும். எடிட் முறையில் தொட்டால் சார்ட் நகரும், ஃபில்டர் ஆகாது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு மூன்று பட்டைகளைத் தொடலாம். திகதிக் கோட்டு வரைபில் மவுஸை இழுத்தால் அந்தக் காலத்துண்டு மட்டும் பிடிபடும். இந்த மூன்று கருவிகளில் புதியவர்கள் கேட்காமலே கண்டுபிடித்துக்கொள்ளும் வசதி இதுதான்.

மொத்தக் கிலோ காட்டும் ஸ்கோர்கார்ட் மற்றச் சார்ட்டின் ஃபில்டரை வாங்கிக்கொள்ளும், தான் யாருக்கும் கொடுக்காது. அதில் எண் மட்டும்தான் இருக்கிறது, அனுப்புவதற்கு ஒரு பெயர் இல்லை. மாதமும் இதேபோலக் குழப்பும். 'மாதம்' என்ற வடிவில் வைத்தால் ஓகஸ்டைத் தொடும்போது எல்லா ஆண்டுகளின் ஓகஸ்டும் வரும். 'ஆண்டு மாதம்' என்று வைத்தால்தான் அந்த ஓர் ஓகஸ்ட் வரும். இரண்டுக்கும் பயன் உண்டு, சார்ட்டின் தலைப்பில் எது என்று எழுதிவிடவேண்டும்.

ஒரு சார்ட் மட்டும் ஃபில்டருக்கு அசையாமல் நிற்கவேண்டும் என்றால், உதாரணமாக மாவட்டத்தின் மொத்தம் எப்போதும் ஓரத்தில் தெரியவேண்டும் என்றால், மற்றவற்றை எல்லாம் தெரிவுசெய்து அரேஞ்ச் மெனுவில் குரூப் போடுங்கள். குரூப்புக்குள் நடக்கும் கிளிக் வெளியே போகாது.

இதன் குறை வேகம். ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சார்ட்டும் தனித்தனியாகக் கூகுள் சேர்வருக்குக் கேள்வி அனுப்புகிறது. 12 சார்ட் வைத்த பக்கம் போன் டேட்டாவில் மூச்சு வாங்கும். பக்கத்துக்கு ஆறுக்கு மேல் வைக்கவேண்டாம். ஷீட்டை நேரே இணைக்காமல் தரவின் பிரதி ஒன்றை எடுத்து வைக்கும் எக்ஸ்ட்ராக்ட் டேட்டா என்ற இணைப்பு வழியாக எடுத்தால் கிளிக் கண்கூடாகவே விரைவாகும். அதன் எல்லை 100 எம்பி, நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்க வைக்கலாம். நேரே இணைத்தால் ஷீட்டின் தரவு வழமையாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். இப்போது எழுதிய வரி உடனே வரவில்லை என்று பதறவேண்டாம்.

இரண்டு ஷீட்டுகளைச் சேர்க்கவேண்டி வந்தால்தான் இதன் பலவீனம் முழுதாகத் தெரியும். பிளெண்ட் என்ற வசதி ஐந்து அட்டவணைகள் வரை இணைக்கும். ஆனால் கிளிக் எந்தச் சார்ட்டுக்குப் போகிறது, எதில் நின்றுவிடுகிறது என்று ஊகிப்பதே ஒரு வேலையாகிவிடும். ஷீட்டிலேயே லுக்அப் (இன்னொரு அட்டவணையிலிருந்து உரிய பெறுமதியைத் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) போட்டு எல்லாவற்றையும் ஒரே நீண்ட அட்டவணையாக்கிக் கொடுத்தால் கிளிக் ஒழுங்காக நடக்கும். அதுவும் போதாது என்றால் அடுத்த கருவிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

பவர் பிஐ

இங்கே எதையும் போடாமலே கிளிக் வேலைசெய்யும். முதல் மணித்தியாலத்தில் மகிழ்ச்சி, இரண்டாவது மணித்தியாலத்தில் குழப்பம். காரணம், இதில் கிளிக்குக்கு இரண்டு நடத்தைகள். பட்டை வரைபுகள் வழமையாக ஹைலைட் செய்யும்: முழுப் பட்டையும் மங்கி நிற்க, தெரிவுசெய்த பங்கு மட்டும் அழுத்தமாகத் தெரியும். கோட்டு வரைபும் அட்டவணையும் ஃபில்டர் செய்யும்: மற்றவை மறைந்துவிடும். ஒரே பக்கத்தில் ஒரே கிளிக்குக்கு இரண்டு விதமான பதில் வரும்.

கிலோ, தொகை போன்ற கூட்டுத்தொகைகளுக்கு ஹைலைட் அருமை. கிண்ணியாவில் வாங்கியதில் சூரையின் பங்கு எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரியும். சராசரிக்கு அது பொய் சொல்லும். இறங்குதுறைவாரியான சராசரிக் கிலோ விலை என்று ஒரு வரைபு வைத்து, பக்கத்து வரைபில் அறுக்குளாவைத் தொட்டால், அறுக்குளா விலைகூடிய மீன் என்பதால் அழுத்தமான பட்டை மங்கலான முழுப் பட்டையைவிட உயரமாக எழும். பங்கு எப்படி முழுமையைவிடப் பெரிதாகும் என்று பார்ப்பவர் திகைப்பார். அது பங்கே இல்லை, இரண்டு வேறு சராசரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

திருத்துவது இப்படி. கிளிக் செய்யப்படும் வரைபைத் தெரிவுசெய்யுங்கள். மேலே ஃபோர்மட் தாவலில் எடிட் இன்டராக்ஷன்ஸை அழுத்தினால் மற்ற ஒவ்வொரு வரைபின் மூலையிலும் சின்னங்கள் தோன்றும்: ஃபில்டர், ஹைலைட், ஒன்றும் வேண்டாம். சராசரி வரைபுக்கு ஃபில்டரைத் தெரிவுசெய்யுங்கள். இது ஒரு திசைக்கு மட்டும். அ வரைபிலிருந்து ஆ வரைபுக்குப் போட்டது ஆவிலிருந்து அவுக்குப் போகாது, அதைத் தனியாகப் போடவேண்டும். ஆறு வரைபுள்ள பக்கத்தில் 30 திசைகள். எல்லாவற்றையும் கையால் மாற்ற மனமில்லாவிட்டால் ஒப்ஷன்ஸ் பெட்டியில் கரண்ட் ஃபைல் என்பதன் கீழ் ரிப்போர்ட் செட்டிங்ஸில், வழமையான நடத்தையை ஹைலைட்டிலிருந்து ஃபில்டருக்கு மாற்றும் ஒரு கட்டம் இருக்கிறது. சின்னக் கந்தோர்களுக்கு அதைப் போட்டுவிட்டுத் தொடங்குவதுதான் எங்கள் பரிந்துரை.

இதன் உண்மையான பலம் அட்டவணைகளுக்கு இடையிலான உறவு. கொள்வனவு ஒரு அட்டவணை, லொறிச் செலவு இன்னொன்று, ஐஸ் செலவு மற்றொன்று. இவற்றை ஒன்றோடொன்று நேராகக் கட்டக்கூடாது. நடுவில் இறங்குதுறைப் பெயர் அட்டவணை, மீன் அட்டவணை, திகதி அட்டவணை மூன்றையும் வைத்து, அவற்றிலிருந்து ஒன்றுக்குப் பல என்ற உறவை (நடு அட்டவணையில் ஒரு பெயருக்கு ஒரு வரி, மற்றவற்றில் பல வரிகள்) வெளியே இழுக்கவேண்டும். வரைபின் அச்சில் போடும் பெயர் எப்போதும் நடு அட்டவணையிலிருந்தே வரவேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கொள்வனவு அட்டவணைக்குள்ளேயே இருக்கும் 'இறங்குதுறை' நிரலை அச்சில் போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டையைத் தொட்டால் கொள்வனவு மாறும், ஐஸ் செலவு அசையாது. ஃபில்டர் ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் பாயும், மேட்டுக்குத் திரும்ப ஏறாது. உறவின் திசையை 'இரண்டு பக்கமும்' என்று மாற்றினால் அந்த நேரத்துக்கு வேலைசெய்வதுபோல் தெரியும். அட்டவணைகள் கூடக்கூட எந்த வழியால் ஃபில்டர் பாய்கிறது என்று யாருக்கும் விளங்காமல் போய், தொகைகள் தடம்புரளும். நடு அட்டவணையின் பெயரை அச்சில் வைத்து, மற்ற அட்டவணைகளில் உள்ள அதே நிரல்களை மறைத்துவிட்டால் தவறாக எடுக்கவே வழியிருக்காது.

கிளிக் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். அடுத்த பக்கத்துக்கும் போகவேண்டுமென்றால் ஸ்லைசர் (பெயர்களைப் பட்டியலாகவோ பொத்தான்களாகவோ காட்டும் ஃபில்டர்) வைத்து வியூ மெனுவில் சிங்க் ஸ்லைசர்ஸ் போடவேண்டும், அல்லது தெரிவுசெய்த பெயரின் விவரத்தை மட்டும் காட்டும் ட்ரில்த்ரூ பக்கம் அமைக்கவேண்டும்.

டெஸ்க்டொப் பதிப்பு இலவசம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தரவை இம்போர்ட் செய்துவிட்டால் இணையம் இல்லாமலே கிளிக் வேலைசெய்யும், அந்தந்தக் கணினியின் வேகத்தில். செலவு பகிரும்போது தொடங்குகிறது. ப்ரோ உரிமம் 2025 ஏப்ரலில் 10 டொலரிலிருந்து 14 டொலராகக் கூடியது, ஆளுக்கு, மாதத்துக்கு. பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஐந்து பேருக்கு மாதம் 70 டொலர். ஜிமெயில் முகவரியால் உள்ளே போகமுடியாது, நிறுவன மின்னஞ்சல் வேண்டும். இதைத் தவிர்க்க 'பப்ளிஷ் டு வெப்' அழுத்துவோர் உண்டு. அது உலகத்துக்கே திறந்த பக்கம், கடவுச்சொல் கிடையாது. வாங்கும் விலை உள்ள கோப்பை அப்படிப் போட்டால் அடுத்த வாடிக்காரரும் பார்ப்பார்.

மெட்டாபேஸ்

2015இலிருந்து வரும் திறந்த மூலக் கருவி. கந்தோரில் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் டொக்கர் (மென்பொருளை ஒரு தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் கருவி) வழியாக நிறுவினால் 3000 இலக்கப் போர்ட்டில் திறக்கும். அதே வைஃபையில் உள்ள எந்தப் போனிலும் உலாவியில் 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை அடித்துப் பார்க்கலாம். இணையம் போனாலும் டாஷ்போர்ட் நிற்காது, மின்சாரம் போனால் நிற்கும். 1 ஜிபி ராம் என்பது அடிமட்டம். கணினி வேறு வேலையும் செய்கிறதென்றால் 4 ஜிபிக்குக் குறைவாக வைக்கவேண்டாம். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் எல்லோரும் புதிய முகவரி கேட்டு வருவார்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் செய்த டாஷ்போர்ட்டுகளை அது வழமையாக எச்2 என்ற சின்னத் தரவுத்தளத்தில், டொக்கர் பெட்டிக்கு உள்ளேயே சேமிக்கும். புதிய பதிப்புக்கு மாறும்போது பெட்டியை அழித்தால் டாஷ்போர்ட்டுகளும் போய்விடும். முதல் நாளே போஸ்ட்கிரெஸ் என்ற தனித் தரவுத்தளம் ஒன்றை வைத்து அதில் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

கிளிக் ஃபில்டர் இங்கே தானாக வராது, நாம்தான் கம்பி இழுக்கவேண்டும். டாஷ்போர்ட்டை எடிட் முறையில் திறந்து முதலில் மேலே ஒரு ஃபில்டர் சேர்க்கவேண்டும், உதாரணமாக 'மீன்'. அதை ஒவ்வொரு கார்டின் (டாஷ்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரைபுக்கும் அட்டவணைக்கும் இங்கே அதுதான் பெயர்) உரிய நிரலோடும் இணைக்கவேண்டும். பிறகு கிளிக் செய்யப்படும் கார்டின்மேல் மவுஸை வைத்து கிளிக் பிஹேவியர் சின்னத்தை அழுத்தி, டாஷ்போர்ட் ஃபில்டரை மாற்று என்ற தெரிவை எடுத்து, எந்த நிரல் எந்த ஃபில்டருக்குப் போகவேண்டும் என்று காட்டவேண்டும்.

முதல் தடவை செய்பவர்கள் கிளிக் செய்யப்படும் கார்டையும் ஃபில்டரோடு இணைத்துவிடுவார்கள். சூரையைத் தொட்டதும் அந்தக் கார்டிலும் சூரை மட்டும் மிஞ்சும். அடுத்து நெத்தலியைத் தொட நெத்தலி அங்கே இல்லை. கிளிக் செய்யப்படும் கார்டை அந்த ஃபில்டரிலிருந்து விலக்கி வைக்கவேண்டும். எஸ்கியூஎல் என்ற தரவுத்தளக் கேள்வி மொழியில் எழுதிச் செய்த கார்டுகளுக்கு, கேள்விக்குள் இரட்டை நெளி அடைப்பில் மாறியை எழுதி வைத்தால்தான் ஃபில்டர் பிடிக்க இடம் கிடைக்கும். கிளிக் பிஹேவியர் போட்ட கார்டில், தொட்டவுடன் வரும் வழமையான ஆராயும் மெனு வராது. இரண்டில் ஒன்றுதான்.

உழைப்பு கூடத்தான். ஆனாலும் தெரிவுசெய்த பெயர் மேலே ஃபில்டர் பெட்டியில் எழுத்தாக நிற்கிறது, பக்கத்தில் நீக்கும் குறியும் இருக்கிறது. இப்போது எதைப் பார்க்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த ஒன்றில் மெட்டாபேஸ் மற்ற இரண்டையும் வெல்கிறது. லுக்கர் ஸ்டூடியோவில் ஒரு பட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருப்பதுதான் ஒரே அடையாளம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தவர் ஃபில்டர் கிடப்பதை மறந்து, பாதிக் கணக்கை முழுக் கணக்காக வாசிப்பார்.

மற்றவை

டாப்லோவில் கிளிக் நடத்தைதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. தெரிவை நீக்கும்போது ஃபில்டர் அப்படியே நிற்கவேண்டுமா, எல்லாம் திரும்ப வரவேண்டுமா, ஒன்றுமே காட்டாமல் மறையவேண்டுமா என்றுகூடக் கேட்கும். விலைதான் தடை. இலவசமான பப்ளிக் பதிப்பில் வெளியிடும் வேலை பொதுவெளிக்குப் போய்விடும். திறந்த மூலக் கருவியான சூப்பர்செட்டில் கிராஸ் ஃபில்டர் நன்றாகவே இருக்கிறது, நிறுவிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். எக்ஸெல் மட்டுமே தெரிந்த கந்தோருக்கு, பிவொட் டேபிளில் (வரிகளைத் தொகுத்துக் கூட்டும் அட்டவணை) ஸ்லைசர் போட்டு, ரைட் கிளிக்கில் ரிப்போர்ட் கனெக்ஷன்ஸ் வழியாக எல்லாப் பிவொட்டுகளையும் ஒரே ஸ்லைசரோடு கட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பட்டையைத் தொட முடியாது, பொத்தானைத் தொடலாம். பிவொட்டுகள் எல்லாம் ஒரே மூல அட்டவணையிலிருந்து பிறந்திருந்தால்தான் இந்தக் கட்டு பிடிக்கும்.

கைக்குக் கொடுக்கும் முன்

எந்தக் கருவியானாலும் பக்கத்தின் மேல் மூலையில் 'எல்லாம் காட்டு' என்று தமிழில் எழுதிய ஒரு பொத்தான் அல்லது குறிப்பு வேண்டும். பவர் பிஐயில் கிளியர் ஆல் ஸ்லைசர்ஸ் பொத்தான் ஸ்லைசர்களை மட்டும்தான் துடைக்கும், பட்டையைத் தொட்டதை அது நீக்காது. அதனால் ஒன்றையும் தொடாத நிலையில் உள்ள பக்கத்தை புக்மார்க்காகச் சேமித்துப் பொத்தானை அதோடு கட்டுங்கள். லுக்கர் ஸ்டூடியோவில் மேலே உள்ள ரீசெட்டைக் காட்டிக்கொடுங்கள்.

பட்டைகளின் வரிசையைப் பெறுமதியால் அடுக்கினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் அவை இடம் மாறிக் குதிக்கும். குச்சவெளி இப்போது எங்கே நிற்கிறது என்று கண் தேடவேண்டி வரும். குறியீட்டு இலக்கத்தால் அடுக்கி நிலையாக வையுங்கள். வீதம் காட்டும் வரைபில் ஒரு பெயரைத் தொட்டதும் 100% என்று வரும். அது பிழையில்லை, மிஞ்சியிருப்பது அது ஒன்றே. ஆனாலும் பார்ப்பவர் பயப்படுவார், அதனால் கிளிக் பாயும் இடத்தில் வீதத்தை விட்டுக் கிலோவையே காட்டுவது நல்லது.

கொட்பேயில் படகு இறங்கும் நேரத்தில் போனில் பார்ப்பவர்களுக்குப் பட்டை தடிப்பாக இருக்கவேண்டும். நிமிர்ந்த பட்டைகளில் பெயர் சரிந்து சின்னதாகிவிடும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை, அதனால் படுக்கையான பட்டைகளே பொருத்தம், எட்டுக்கு மேல் வேண்டாம். பவர் பிஐயில் மொபைல் லேஅவுட்டைத் தனியாக அடுக்கலாம். ஈரக் கையால் தொட்டால் பக்கத்துப் பட்டை பிடிபடுவதும் உண்டு, இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

விடுதிக்காரர்கள் கவனிக்கவேண்டியது கடைசி அட்டவணை. நாட்டைத் தொட்டு, மாதத்தைத் தொட்டு, அறை வகையைத் தொட்டால் கீழே ஒரே ஒரு விருந்தினரின் வரி மிஞ்சும். அந்த வரியில் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் இருந்தால், லிங்க் கையில் உள்ள எவருக்கும் மூன்று தொடுகையில் அது கிடைத்துவிடும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அடையாளம் காட்டும் நிரல்களைச் சார்ட்டில் மறைத்தால் போதாது, டாஷ்போர்ட்டுக்குப் போகும் ஷீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். லுக்கர் ஸ்டூடியோவின் ஷேர் செட்டிங்கில் பார்ப்பவர்கள் பதிவிறக்கவும் பிரதி எடுக்கவும் முடியாதபடி நிறுத்தும் கட்டம் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டே லிங்கை அனுப்புங்கள்.